தூங்கும் திரெட்டை எழுப்புவது எப்படி?

புரோகிராமின் விண்டோவை மூடச் சொல்லி கிளிக் செய்கிறீர்கள். அது அப்படியே உறைந்து நிற்கிறது. ஆனால் சிபியு பயன்பாடோ ஏறக்குறைய பூஜ்யம். நெட்வொர்க் புரோகிராம் எழுதிப் பழகுபவர்கள் பலர் சந்திக்கும் பிரச்னை இது.

ஒரு மாணவர் சி மொழியில் எழுதிய சாட் லைப்ரரியில் இதே கோளாறைப் பார்த்தேன். லினக்ஸில் இயங்கும் அதில் இரண்டு திரெட்கள். ஒன்று திரையைக் கவனிக்கும். மற்றது ரிசீவ் ஃபங்ஷனை அழைத்து, சாக்கெட் வழியே செய்தி வரக் காத்திருக்கும்.

சாக்கெட்டை உருவாக்கும்போது நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால் அது பிளாக்கிங் முறையில் இயங்கும். அதாவது டேட்டா வரும் வரை ரிசீவ் திரும்பாது. அதை அழைத்த திரெட் தூங்கிவிடும். சிபியு சும்மா இருப்பது இதனால்தான்.

ஜிடிபி என்னும் டீபக்கரை, ஓடிக் கொண்டிருந்த புரோகிராமுடன் இணைத்து "திரெட் அப்ளை ஆல் பிடி" என்ற கட்டளையைக் கொடுத்தேன். எந்தத் திரெட் எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிட்டது. முதல் திரெட் ஜாயின் ஃபங்ஷனில், இரண்டாவது முடியட்டும் என்று காத்திருந்தது. இரண்டாவதோ வராத செய்திக்காக ரிசீவ் ஃபங்ஷனில் காத்திருந்தது.

"ஜாயினுக்கு முன்பே குளோஸ் கொடுத்திருக்கிறேனே சார்?" என்றார் மாணவர். லினக்ஸில் குளோஸ் அந்த சாக்கெட்டின் எண்ணைத்தான் விடுவிக்கும். உள்ளே தூங்கும் ரிசீவை எழுப்பாது. இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. விடுபட்ட எண், அடுத்து நீங்கள் திறக்கும் ஃபைலுக்குப் போகலாம். பழைய எண்ணை நம்பி நெட்வொர்க் திரெட் ரைட் ஃபங்ஷனை அழைத்தால், சாட் செய்தி உங்கள் ஃபைலுக்குள் எழுதப்பட்டுவிடும்!

சரியான வரிசை இதோ:

1. முதலில் ஷட்டவுன் ஃபங்ஷனை அழைத்து, இரு திசைகளையும் மூடுங்கள். டிசிபி இணைப்பு என்றால், காத்திருக்கும் ரிசீவ் உடனே பூஜ்யத்துடன் திரும்பும்.
2. பூஜ்யம் வந்தால் லூப்பை விட்டு வெளியேறும்படி திரெட்டை எழுதுங்கள்.
3. அடுத்து ஜாயின்.
4. கடைசியாக குளோஸ்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எதிர்முனைக் கம்ப்யூட்டரில் மின்சாரம் போய்விட்டால், இணைப்பு முறிந்த தகவலே நமக்கு வராது. அதைக் கண்டறிய கீப்அலைவ் வசதி உண்டு. ஆனால் அதை நாம்தான் இயக்க வேண்டும். இயக்கினாலும், மாறா மதிப்பின்படி லினக்ஸ் முதல் சோதனைக்கு 7,200 விநாடிகள், அதாவது 2 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். எனவே ரிசீவ் டைம்அவுட் ஆப்ஷனில் 30 விநாடி போன்ற ஒரு வரம்பை வைத்துவிடுங்கள். நேரம் கடந்தால் ரிசீவ் மைனஸ் 1 தந்து திரும்பும். காத்திருப்பதா, வெளியேறுவதா என்பதை உங்கள் புரோகிராமே முடிவு செய்துகொள்ளும்.