நரிவெங்காயம் (தொட்டியில் வளர்த்தல்)

நரிவெங்காயம் என்பது மண்ணுக்கடியில் வெங்காயத்தைப் போன்ற குமிழம் கொண்ட, வறட்சியைத் தாங்கிப் பூக்கும் செடி. காட்டுவெங்காயம் என்றும் அழைக்கப்படுகிறது. தாவரவியல் பெயர் டிரிமியா இண்டிகா. குந்த் 1843-ல் இதற்கு உர்ஜீனியா இண்டிகா என்று பெயரிட்டார். ஜெசாப் 1977-ல் டிரிமியா பேரினத்துக்கு மாற்றினார். பழைய மருந்து நூல்களில் உர்ஜீனியா என்ற பெயரே காணப்படும். முன்பு லில்லிக் குடும்பத்தில் இருந்த இச்செடி, இப்போது தண்ணீர்விட்டான் கிழங்கு இடம்பெறும் அஸ்பராகேசிக் குடும்பத்தில் வைக்கப்பட்டுள்ளது.

வளரும் முறை

புதுக்கோட்டை மாவட்டத்தின் பெரும்பகுதி செம்மண்ணும் சரளையும் கலந்த வானம் பார்த்த பூமி. கண்மாய்கள் நிறைவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில்தான். கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தொடும். இப்படிப்பட்ட நிலத்துக்கு ஏற்ற வாழ்முறை நரிவெங்காயத்துக்கு உண்டு. மழைக்குப் பின் நீண்ட, ஒடுங்கிய இலைகளை விட்டு, அவை தயாரிக்கும் உணவைக் குமிழத்தின் செதில்களில் சேமிக்கிறது. மண் காய்ந்ததும் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். பிறகு கோடையில், ஓர் இலைகூட இல்லாத வெற்று மண்ணிலிருந்து பூந்தண்டு மட்டும் அரை மீட்டர் உயரம் வரை எழும். பழுப்பும் வெண்மையும் கலந்த சிறு மணி போன்ற பூக்கள் மாலையில் விரியும்; ஒவ்வொரு பூவின் ஆயுளும் குறைவு. நிறத்துக்காக வளர்ப்பவருக்கு இது ஏமாற்றமே தரும். காய்ந்த தொட்டியிலிருந்து தண்டு கிளம்புவதைப் பார்ப்பதே இதன் சுவை.

தொட்டியும் நீரும்

அடியில் துளையுள்ள மண் தொட்டி நல்லது. 20 முதல் 25 செ.மீ. வாய் அகலம் போதும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, சிறிது மட்கிய எரு, கையளவு சரளை என்ற கலவை நீரைத் தேக்காது. குமிழத்தின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி நட வேண்டும். முழுவதும் புதைத்தால் கழுத்தில் ஈரம் தங்கி அழுகல் தொடங்கும். இருண்ட அறை ஆகாது; வெயில் விழும் சன்னல், மாடி, திண்ணை ஓரம் ஆகியவை ஏற்றவை.

இலை இருக்கும் மாதங்களில் மேல்மண் இரண்டு மூன்று செ.மீ. ஆழம் காய்ந்த பிறகு நீர் விடலாம். இலை மஞ்சளானதும் நிறுத்திவிட வேண்டும். வீட்டில் வளரும் நரிவெங்காயம் பெரும்பாலும் சாவது இந்தக் கட்டத்தில்தான். செடி பட்டுவிட்டது என்று இரக்கப்பட்டு நாள்தோறும் நீர் ஊற்றுவார்கள். உறங்கும் குமிழத்துக்கு அந்த நீரை உறிஞ்ச இலையும் இல்லை, வேலையும் இல்லை. சில வாரங்களில் அது கூழாகிவிடும். சந்தேகம் வந்தால் கழுத்தை விரலால் அழுத்திப் பார்த்தால் போதும். கெட்டியாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, உறங்கும் காலத்தில் மண்ணை மாற்றலாம். செதில்களுக்கிடையே மாவுப்பூச்சி ஒளிந்திருக்கிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

நச்சுத்தன்மை

உருவத்தில் வெங்காயம் போலிருந்தாலும் நரிவெங்காயம் உண்ணத்தக்கது அன்று. இதயத் துடிப்பைப் பாதிக்கும் கிளைக்கோசைடுகள் இதில் உள்ளன. இவை டிஜிட்டாலிஸ் மருந்தைப் போலவே செயல்படுபவை. உண்டால் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்பட்டு, நாடித் துடிப்பு தாறுமாறாகலாம். வெட்டிய குமிழத்தின் சாறு தோலில் பட்டால் அரிப்பெடுக்கும். அதிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்களே காரணம். எனவே கையுறை அணிந்தே பிரித்து நட வேண்டும். தோண்டிய குமிழத்தை அடுப்படியிலோ வெங்காயக் கூடையின் அருகிலோ ஒருநாளும் வைக்கக் கூடாது. ஆடும் குழந்தையும் எட்டாத இடமே தொட்டிக்குரிய இடம். யாராவது தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல், மீதமுள்ள துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மத்தியதரைக்கடல் பகுதியின் ஸ்குவில் என்ற உறவுச் செடிக்கு மாற்றாக, இதன் உலர்ந்த சீவல்கள் இருமல் மருந்துகளில் சேர்க்கப்பட்டன. மருந்தின் அளவுக்கும் நஞ்சின் அளவுக்கும் இடைவெளி குறைவு என்பதால், வீட்டில் வளரும் குமிழத்தைக் கொண்டு மருந்து செய்வது ஆபத்தானது. அந்த ஸ்குவிலைக் கிரீட் தீவினர் புத்தாண்டில் வீட்டு வாசலில் தொங்கவிடுவர். மண்ணின்றியும் அது துளிர்க்கும் என்பதே காரணம். நம் ஊர் வாசல்களில் தலைகீழாகத் தொங்கியபடி உயிர்வாழும் சோற்றுக்கற்றாழையை இது நினைவூட்டும்.

பெருக்கம்

குமிழத்தின் பக்கத்தில் தோன்றும் சிறு குமிழங்களைப் பிரித்து நடுவது எளிது. காய் வெடித்தால் தட்டையான, காகிதம் போன்ற கறுப்பு விதைகள் கிடைக்கும். அவற்றை மணல் கலந்த மண்ணில் மேலோட்டமாகத் தூவ வேண்டும்; பூக்கும் பருவத்தை அடையச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை காத்திருக்க மனமில்லாமல் காப்புக்காட்டில் அனுமதியின்றித் தோண்டி எடுத்து வருவது சட்டப்படி குற்றம். நண்பர் தோட்டத்துப் பக்கக் குமிழம் ஒன்றைக் கேட்டு வாங்குவதே விரைவான வழி.