பச்சிளங்குழந்தையும் பெரியவர்களின் தடுமனும்



திருமுழுக்கு முடிந்ததும் பீடத்தருகே என்ன நடக்கிறது என்பது நாம் அறிந்ததே. பாட்டி, சித்தப்பா, ஞானப்பெற்றோர், பக்கத்து வீட்டார் என்று ஆளுக்கொரு முத்தம். அவர்களில் ஒருவருக்குச் சளி இருக்கும். "சாதாரணத் தடுமன்தானே" என்று மூக்கைத் துடைத்துவிட்டு, அதே கையால் குழந்தையை வாங்குவார். குருக்களாகிய நாமும் விதிவிலக்கல்ல. தொண்டை கட்டிய நிலையில் குழந்தையின் முகத்தருகே குனிந்து செபித்த நாட்கள் நமக்கும் உண்டு.

இத்தகைய தடுமனைத் தரும் வைரஸ்களுள் ஒன்று ஆர்.எஸ்.வி. 1956இல் சளி பிடித்த சிம்பன்சிக் குரங்குகளிடம் முதலில் கண்டறியப்பட்டது, பின்னர் குழந்தைகளிடமும். இரண்டு வயதிற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஒருமுறையாவது வந்துவிடுகிறது. அத்தோடு விடுவதுமில்லை, பெரியவர்களானபின்பும் திரும்பத் திரும்ப வரும். நமக்கு அது ஒரு வார மூக்கொழுகல். ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு, குறிப்பாகக் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, அதுவே மூச்சுத்திணறலாக மாறலாம். நுரையீரலின் மிக நுண்ணிய காற்றுக்குழாய்கள் வீங்கிச் சளியால் அடைபடுகின்றன. ஒரு குழாயின் விட்டம் பாதியானால் காற்று செல்வதற்கான தடை 16 மடங்காகிறது. நம்முடைய குழாயில் சற்று வீக்கம் வந்தாலும் இடம் மீதியிருக்கும். குழந்தைக்கு அந்த இடம் கிடையாது.

இருமல், தும்மல் வழியாக மட்டுமல்ல, கைகள் வழியாகவும் இது பரவும். தொட்டில் கம்பியிலும் விளையாட்டுச் சாமானிலும் சில மணி நேரம் உயிர்ப்போடு இருக்கும். சோப்பு போட்டுக் கை கழுவினால் அழிந்துவிடும். இவ்வளவு எளிய காரியத்தைத்தான் நாம் மறந்துபோகிறோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாட்டிமார் வருத்தப்பட வேண்டாம். குளிப்பாட்டியபின் குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதும், மூக்கில் எண்ணெய் விடுவதும் அன்பினால் செய்யப்படுபவையே. ஆனால் புகை அந்த நுண்ணிய குழாய்களை மேலும் உறுத்துகிறது; எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் தனியாக ஒரு நோயையே உண்டாக்கும். வீட்டில் பீடி, சிகரெட் புகைப்பதும் அப்படியே. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக், வைரஸை ஒன்றும் செய்யாது. தாய்ப்பால் மட்டும் நிற்காமல் கொடுக்கப்பட வேண்டும்.

குழந்தை பால் குடிக்க மறுத்தால், மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கிடையே உள்ளிழுத்தால், உதடு நீலம் பாரித்தால், இடையிடையே மூச்சு நின்று வந்தால், விடியும்வரை காத்திருக்கலாகாது. இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தை அமைதியாக இருக்கும்போது நிமிடத்திற்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள்.

தாய்மார் கருவுற்றிருக்கும்போதே போட்டுக்கொள்ளும் தடுப்பூசி ஒன்று 2023இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அங்கீகரிக்கப்பட்டது. பிறந்த குழந்தைக்கு நேரடியாகப் போடும் எதிர்ப்பொருள் ஊசியும் இருக்கிறது. கர்ப்பிணிகள் தங்கள் மருத்துவரிடம் இவை குறித்துக் கேட்டுப் பார்க்கலாம்.

திருமுழுக்கு நாளில் வீட்டில் யாருக்காவது சளி என்றால், அவர் சற்றுத் தள்ளி நின்று ஆசீர்வதிக்கட்டும். பெற்ற தாய்க்கே என்றால் முகக்கவசம் அணிந்து பால் கொடுக்கலாம். வீடு முழுவதும் படுத்திருந்தால் பங்கு அலுவலகத்தில் தயங்காமல் சொல்லுங்கள்; அடுத்த ஞாயிறுக்கு மாற்றிக்கொள்வோம்.