குட்டிச் சக்கரத்தின் கணக்கு

சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் 16 அங்குலச் சக்கரம் வைத்த மடிப்பு சைக்கிளைப் பார்த்தால், ‘இதை எத்தனை தரம் மிதிப்பது?’ என்றுதான் கேட்கத் தோன்றும். நம் பழைய 28 அங்குல சைக்கிளின் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.2 மீட்டர் போகும். குட்டிச் சக்கரம் 1.3 மீட்டர்தான். ஆனால் அந்தக் குறையைப் பல்சக்கரம் ஈடுகட்டிவிடுகிறது. முன்னே 54 பல், பின்னே 12 பல் என்றால் பெடல் ஒருமுறை சுற்றச் சக்கரம் நாலரைச் சுற்று, அதாவது ஏறத்தாழ 5.8 மீட்டர். பெரிய சைக்கிளில் 44க்கு 18 வைத்தால் 5.4தான். 1962இல் இங்கிலாந்தில் அலெக்ஸ் மோல்டன் கொண்டுவந்த குட்டிச் சக்கர சைக்கிள், அதே ஆண்டில் கார்டிஃப்–லண்டன் வேகச் சாதனையையே முறியடித்தது. அது மடிப்பு வகை இல்லை என்பது வேறு விஷயம்.

மெய்யான வில்லங்கம் பள்ளம்தான். பெரிய சக்கரம் உருண்டு கடக்கும் குழியில் சிறியது இறங்கிவிடும். மோல்டனே அதற்காகத்தான் ரப்பர் சஸ்பென்ஷன் வைத்தார். மழைத் தண்ணீர் தேங்கிய ரோட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே புத்தி. கடற்காற்றின் உப்பு வேறு மடிப்புக் கீலைப் பிடிக்கும். வாரம் ஒருமுறை துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். இத்தனைக்கும் பிறகு இது எதற்கு என்றால், சாந்தோமிலிருந்து கலங்கரை விளக்கம், திருமயிலை பறக்கும் ரயில் நிலையங்கள் நடப்பதற்குக் கொஞ்சம் தூரம், ஆட்டோ பிடிக்கக் கொஞ்சம் பக்கம். மேடில்லாத தரை. போய்ச் சேர்ந்ததும் மடித்தால் ஒரு சூட்கேஸ் அளவு; ராத்திரியில் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம்.