கிளம்பாத மகிழுந்து

மாருதி 800 போன்ற மகிழுந்துகளின் எஞ்சினில் கிராங்க் தண்டு, கேம் தண்டு என இரு தண்டுகள் உள்ளன. கிராங்க் தண்டு, பிஸ்டன்களின் மேல்கீழ் இயக்கத்தைச் சுழற்சியாக மாற்றுகிறது. கேம் தண்டு வால்வுகளைத் திறக்கிறது. இவ்விரண்டையும் இணைக்கும் பற்களுடைய ரப்பர் பட்டையே டைமிங் பெல்ட். பிஸ்டன் இருமுறை மேலேறி இறங்கும் காலத்தில் ஒவ்வொரு வால்வும் ஒருமுறையே திறக்கும். எனவே, கிராங்க் தண்டு 2 சுற்றுச் சுற்றும்போது கேம் தண்டு 1 சுற்றே சுற்ற வேண்டும்.

புதிய பெல்ட் மாட்டியபின் வண்டி கிளம்பாவிடில், மீண்டும் மீண்டும் சாவியைத் திருப்புதல் கூடாது. பெல்ட் சில பற்கள் விலகி மாட்டப்பட்டிருந்தால், வால்வுகள் உரிய நேரத்தில் திறந்து மூடா. எரிபொருளும் காற்றும் கலந்த கலவை போதிய அழுத்தம் பெறாது. சிலவகை எஞ்சின்களில் திறந்த வால்வின்மீது பிஸ்டன் மோதி, வால்வு வளைந்துவிடும்.

ஆகவே, தேர்ந்த மெக்கானிக் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுவார். பிறகு ஸ்பேனரால் கிராங்க் தண்டை அதன் இயல்பான திசையில் மெதுவாக 2 சுற்றுத் திருப்புவார். இடையில் தடை தென்பட்டால் உடனே நிறுத்துவார். தடையின்றிச் சுழன்றால், பற்சக்கரங்களின் குறிகள் எஞ்சினில் உள்ள குறிகளுக்கு நேராக நிற்கின்றனவா என நோக்குவார். விலகியிருப்பின் பெல்ட்டைக் கழற்றித் திருத்தி மாட்டுவார். குறிகள் பொருந்தியிருப்பின், வேலையின்போது கழற்றிய மின்கம்பிகள் யாவும் மீண்டும் இணைக்கப்பட்டுள்ளனவா என ஆராய்வார்.

இச்சோதனைக்குச் சிறிது நேரமே ஆகும். அதைத் தவிர்த்தால் எஞ்சினையே பிரிக்க நேரிடலாம்.