ஸ்டிரைக்கா, பாலா? சின்னப் பசங்க பேஸ்பால் மேட்ச்சில் அம்பயருக்கு இருக்கும் பெரிய சிக்கல்!

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 2026 சீசன் முதல், நம்ம கிரிக்கெட்டின் டிஆர்எஸ் மாதிரி ஒரு வசதி வந்திருக்கிறது. அம்பயர் முடிவு தப்பு என்று தோன்றினால் பேட்டர், பிட்சர், கேட்சர் மூவரில் ஒருவர் தலையைத் தட்டி அப்பீல் செய்யலாம். கேமரா சரிபார்த்துச் சொல்லிவிடும்.

சரி, 10 வயசுப் பசங்க ஆடும் மேட்ச்சில் என்ன செய்வது? அங்கே இந்தக் கேமரா எல்லாம் கிடையாது. கேட்சருக்குப் பின்னால் மாஸ்க் போட்டு நிற்பவர் பெரும்பாலும் ஒரு தன்னார்வலர். சில ஊர்களில் ஆடும் பிள்ளைகளில் ஒருவரின் அப்பாவே அம்பயராக நிற்பார். அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

ஸ்டிரைக் ஜோன் என்றால் என்ன?

பேஸ்பால், சாஃப்ட்பால் இரண்டிலும் ஹோம் பிளேட் என்ற தட்டையான பலகை தரையில் பதிந்திருக்கும். அகலம் 17 இன்ச். அதற்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் ஸ்டிரைக் ஜோன். பேட்டர் அடிக்காமல் விட்ட பந்து அந்தப் பெட்டி வழியாகப் போனால் ஸ்டிரைக், போகாவிட்டால் 'பால்'. மூன்று ஸ்டிரைக் என்றால் அவுட். நான்கு 'பால்' என்றால் பேட்டர் நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். இதற்கு 'வாக்' என்று பெயர்.

சிறுவர், சிறுமியருக்கான லிட்டில் லீக் விதிப்படி இந்தப் பெட்டி பேட்டரின் அக்குளில் தொடங்கி முழங்காலின் மேல்பகுதி வரை. அதாவது ஆள் மாறினால் பெட்டியின் உயரமும் மாறும். குட்டையான பையனுக்குப் பிறகு நெட்டையான பையன் வந்தால் அம்பயர் மனசுக்குள் பெட்டியை இழுத்து நீட்ட வேண்டும்! இன்னொன்று, பந்தின் ஒரு ஓரம் பெட்டியை உரசினாலே ஸ்டிரைக். பந்தின் குறுக்களவு கிட்டத்தட்ட 3 இன்ச். அதனால் 17 இன்ச் பெட்டி நடைமுறையில் சுமார் 23 இன்ச் ஆகிவிடுகிறது. புது அம்பயர்கள் பலரும் இதை மறந்துவிட்டு ஓரத்துப் பந்தை எல்லாம் 'பால்' என்கிறார்கள்.

ஒரே மாதிரி சொல்வது ஏன் கஷ்டம்?

லிட்டில் லீக்கில் பிட்சர் 46 அடி தூரத்தில் இருந்து வீசுகிறார். 50 மைல் வேகத்தில் வந்தால் சுமார் 0.6 விநாடி. அதற்குள் உயரம், அகலம் இரண்டையும் பார்த்தாகணும்.

கண்ணைவிடப் பெரிய வில்லன் மனசு. 2016-ல் டேனியல் சென், டோபியஸ் மாஸ்கோவிட்ஸ், கெல்லி ஷூ ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, மேஜர் லீக் அம்பயர்களையே எடுத்துப் பார்த்தது. முந்தின பந்தை ஸ்டிரைக் என்று சொல்லியிருந்தால், அடுத்து வரும் சந்தேகமான பந்தை ஸ்டிரைக் என்று சொல்லும் வாய்ப்பு குறைகிறதாம். 'இப்பதானே ஒண்ணு குடுத்தோம்' என்ற நினைப்பு! சம்பளம் வாங்கும் அம்பயர்களுக்கே இப்படி என்றால், சனிக்கிழமை காலையில் வந்து நிற்கும் தன்னார்வலரைக் குறை சொல்ல முடியுமா?

என்ன செய்யலாம்?

முதலில் நிற்கும் இடம். பேட்டருக்கும் கேட்சருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் தலை இருக்க வேண்டும். தாடை கேட்சரின் தலை உயரத்துக்குச் சற்று மேலே. முதல் இன்னிங்ஸில் எங்கே தலை இருந்ததோ, கடைசியான ஆறாவது இன்னிங்ஸிலும் அங்கேயே. கால் வலியில் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்துவிட்டால், அதுவரை தாழ்வான பந்தைத் தெளிவாகக் காட்டிய கோணமே மாறிப்போகும். ஜோன் மாறுவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று சொல்வேன்.

அடுத்து, அவசரப்படக் கூடாது. தலையை ஆட்டாமல் பந்து கிளவுஸில் விழும்வரை கண்ணால் தொடர்ந்து, ஒரு நொடி மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கணும். பந்து எங்கே பிடிக்கப்பட்டது என்பது கணக்கே இல்லை, பிளேட்டை எங்கே கடந்தது என்பதுதான் கணக்கு. சின்னப் பசங்க மெதுவாக வீசும் பந்து வளைந்து இறங்கும். முழங்கால் உயரத்தில் பிளேட்டைக் கடந்த பந்தைக் கேட்சர் தரையோடு தரையாகப் பிடிப்பார். பார்ப்பவர்களுக்கு அது மோசமான பந்து, விதிப்படி ஸ்டிரைக்.

சரி, சந்தேகம் வந்தால்? சின்ன வயசு மேட்ச்களில் ஸ்டிரைக் பக்கம் சாய்வதே நல்லது. ஜோனைச் சுருக்கினால் வரிசையாக 'வாக்'தான். பேட்டர் மட்டையைத் தூக்கவே மாட்டார், ஃபீல்டிங் பசங்க புல்லைப் பிடுங்கிக்கொண்டு நிற்பார்கள், பிட்சர் அழுதுவிடுவார். ஆனால் ஓரத்தில் ஒரு பந்து அகலம் தாராளம் காட்டினால், அதை இரண்டு அணிக்கும் முதல் பந்தில் இருந்தே காட்டணும். 20 ரன் பின்தங்கிய அணி மேல் பாவப்பட்டு நடுவில் மாற்றினால், மூன்றாவது ஸ்டிரைக்கில் அவுட் ஆகும் குழந்தைக்கு எதை அடிப்பது, எதை விடுவது என்றே புரியாது. தப்பாக ஒன்று சொல்லிவிட்டால் அடுத்த பந்தில் 'ஈடுகட்டுவதும்' கூடாது. அப்புறம் தப்பு இரண்டாகிவிடும்.

மைதானத்துக்கு வெளியே இருந்து "அம்பயர், அது எங்கேயோ போச்சு!" என்று கத்தும் பெற்றோருக்கும் ஒரு தகவல். பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் பந்தின் உயரம் ஓரளவு தெரியும். பிளேட்டுக்கு மேலே வந்ததா, வெளியே போனதா என்பது அங்கிருந்து தெரியவே தெரியாது.