வளர்ப்பின் மேல் விழும் பழி

வகுப்பில் ஒரு பிள்ளை ஓரிடத்தில் உட்காருவதில்லை, எடுத்த பாடத்தை முடிப்பதில்லை என்றால், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு அருகிலுள்ள படப்பை போன்ற ஊரில் காரணம் சட்டென்று கிடைத்துவிடும்: "அப்பா ஒரகடத்துல நைட் ஷிப்ட், அம்மாவும் கம்பெனிக்குப் போறாங்க, வளர்ப்பு சரியில்ல." ஏடிஎச்டி என்ற கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு உள்ள பிள்ளையாக இருந்தால், இந்தத் தீர்ப்பு ஆய்வின் முன் நிற்காது. உருவொத்த இரட்டையரையும் மற்ற இரட்டையரையும் ஒப்பிட்ட பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தால், இக்கோளாறில் பிள்ளைக்குப் பிள்ளை காணும் வேறுபாட்டில் சுமார் 74 விழுக்காடு மரபு சார்ந்தது. ஒரே வீட்டில் வளர்வதன் பங்கு மிகச் சிறியது. "இவங்க அப்பாவும் சின்ன வயசுல இப்படித்தான்" என்று பாட்டி சொல்வதில் விஷயம் இருக்கிறது.

அப்படியானால் ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாமே என்று கேட்கலாம். முடியாது. 2023இல் வெளியான பெரிய ஆய்வு, கோளாறு உள்ள 38,691 பேரையும் இல்லாத 1,86,843 பேரையும் ஒப்பிட்டு, மரபணுத் தொகுதியில் 27 இடங்களை அடையாளம் கண்டது. ஒவ்வொன்றின் விளைவும் துளியளவே; இப்படி ஆயிரக்கணக்கான துளிகள் சேர்ந்துதான் வாய்ப்பைக் கூட்டுகின்றன. அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதால், அதன் கணக்கை நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்தவும் இயலாது. கொல்கத்தாவின் மனோவிகாஸ் கேந்திரா போன்ற சில ஆய்வு மையங்களில்தான் இந்தியக் குடும்பங்களின் மரபணுக்கள் ஆராயப்பட்டிருக்கின்றன.

மரபு என்றால் தலையெழுத்து, சிகிச்சையால் பயனில்லை என்பது இன்னொரு வாதம். கிட்டப்பார்வையிலும் மரபுக்குப் பெரும் பங்குண்டு. அதற்காக யாரும் கண்ணாடி போடாமல் இருப்பதில்லை. 74 என்பது மக்கள் கூட்டத்தில் காணும் வேறுபாட்டின் அளவு, ஒரு பிள்ளையின் எதிர்காலத்துக்குப் போட்ட மதிப்பெண் அல்ல. மரபு மட்டுமே காரணமும் அல்ல: குறைமாதப் பிறப்பும் பிறக்கும்போதுள்ள எடைக் குறைவும்கூட இக்கோளாறோடு தொடர்புடையவை. சேட்டைக்கெல்லாம் நோய்ப் பெயரா என்ற அச்சமும் நியாயமானதே. அதனால்தான் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், ஆறு மாதத்துக்குக் குறையாமல் நீடித்து, படிப்பையோ பழக்கத்தையோ பாதிக்கிறதா என்று மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

2013இல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் ஏடிஎச்டியும் உண்டு. அதன்படி அரசுப் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் ஆசிரியர் ஒரு வார்த்தை சொன்னால், பிள்ளையை மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வழியிருக்கிறது. ஆனால் தன்மேல்தான் தவறு என்று நம்பும் தாய், பிள்ளையின் சிரமத்தை ஆசிரியரிடம் சொல்லவே தயங்குவாள். இரட்டையர் ஆய்வுகள் முதலில் நீக்க வேண்டியது அந்தத் தயக்கத்தைத்தான்.