பழைய ஆர்.எக்ஸ். 100 வாங்கப் போகிறீர்களா? முதலில் எண்ணைப் பாருங்கள்

யமஹா ஆர்.எக்ஸ். 100 இந்தியச் சாலைக்கு வந்தது 1985 நவம்பரில். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகிய காலத்தில், 1996 மார்ச்சில், அதன் உற்பத்தி நின்றது. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ அந்த டூ-ஸ்ட்ரோக் சத்தம் கேட்டால் இன்றும் இளைஞர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். நன்றாகச் சீரமைத்த வண்டிக்கு லட்ச ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள். கேட்டதைக் கொடுத்து வாங்கவும் ஆள் இருக்கிறது.

விலை ஏறிய இடத்தில் மோசடியும் வந்து சேரும். திருட்டு வண்டியின் எஞ்சின், இன்னொரு வண்டியின் ஃபிரேம், இறந்துபோனவர் பெயரில் ஆர்.சி. புக், போலி டப்பாவில் ‘ஜப்பான் ஸ்பேர்’ என எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டி, மேலே புதுப் பெயின்ட் அடித்து விற்றுவிடலாம். பணத்தை இழப்பதோடு போகாமல் வழக்கிலும் சிக்குவது வாங்கியவர்தான். சட்டம் உங்களிடம் என்ன கேட்கிறது, உங்களுக்கு என்ன உரிமை தருகிறது என்று தெரிந்துகொண்டு பணத்தை எடுங்கள்.

ஒரிஜினல் என்பது எது?

ஆர்.எக்ஸ். 100-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் கூட்டில் தயாரித்தது. தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டி விற்றார்கள். பிறகு பாகங்கள் படிப்படியாக உள்நாட்டில் தயாராயின. பட்டறைகளில் ‘ஜப்பான் செட்’ என்று தனி மதிப்போடு சொல்வது அந்தத் தொடக்க கால வண்டிகளைத்தான்.

ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களைச் சீரமைப்பவர்களுக்குத் தயாரிப்பாளரே துணை நிற்கிறார். ஸ்கைலைன் ஜி.டி.-ஆர் காருக்கு நிசான் 2017-லும், பழைய சுப்ரா கார்களுக்கு டொயோட்டா 2020-லும் நின்றுபோன பாகங்களை மறுபடி செய்து தரத் தொடங்கின. ஆர்.எக்ஸ். வாங்குபவருக்கு இங்கே அந்த வசதி இல்லை. சோதித்துப் பார்க்கும் பொறுப்பு முழுக்க நம் தலையில்தான் இருக்கிறது.

சோதனையில் முதலிடம் எண்ணுக்கு. டேங்க், சைடு கவர், மீட்டர் எல்லாவற்றையும் பிறகு தேடிப் பிடித்து மாற்றிக்கொள்ளலாம். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பொருந்தாத வண்டியை எந்தப் பாகமும் காப்பாற்றாது.

எண் ஏன் அவ்வளவு முக்கியம்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 55(5) பிரிவைப் படித்தால் புரியும். வண்டியில் பொறித்த சேசிஸ் எண்ணோ எஞ்சின் எண்ணோ ஆர்.சி.யில் உள்ளதோடு பொருந்தாவிட்டால், உரிமையாளரின் விளக்கத்தைக் கேட்டபின் பதிவு அதிகாரி அந்தப் பதிவை ரத்து செய்ய வேண்டும். அதற்குப்பின் அந்த வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது.

அது திருட்டு வண்டி என்று தெரிந்தால் விஷயம் இன்னும் பெரிதாகும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்திருந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ‘எனக்குத் தெரியாது’ என்று சொன்னால் மட்டும் போதாது. சந்தை விலையில் பாதிக்குக் கொடுத்தார், பேப்பர் எதுவும் தரவில்லை என்றால், சந்தேகம் வந்திருக்க வேண்டுமே என்ற கேள்வி எழும்.

எண்ணை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஹேண்டில் பொருந்தும் தலைக்குழாயில் சேசிஸ் எண்ணும், எஞ்சின் உடலான கிராங்க்கேஸில் எஞ்சின் எண்ணும் இருக்கும். எழுத்துகளின் உயரமும் ஆழமும் இடைவெளியும் ஒரே சீராக இருக்கின்றனவா? சுற்றியுள்ள உலோகம் ராவியதுபோல் வழுவழுப்பாக இருக்கிறதா? அங்கே மட்டும் வெல்டிங் தடமோ தடித்த பெயின்டோ உண்டா? அதே வருடத்து நம்பகமான இன்னொரு வண்டியோடு ஒப்பிடுங்கள். மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துத் தடம் எடுத்தால் கண்ணுக்குத் தப்பியதும் தெரியும்.

ராவிய எண் நிரந்தரமாக அழிந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஏமாறுகிறார்கள். எண்ணைக் குத்தும்போது அதன் அடியில் உள்ள உலோகமும் நசுங்குகிறது. மேற்பரப்பைத் தேய்த்துவிட்டாலும், அமிலக் கலவை பூசினால் நசுங்கிய இடம் வேறுவிதமாகக் கரைந்து பழைய எண் தெரியவரும். தடய அறிவியல் ஆய்வகங்களில் இதை வழக்கமாகச் செய்கிறார்கள்.

துருவால் எண் நிஜமாகவே மங்கிப்போயிருக்கிறதா? பட்டறையில் சொல்லி நீங்களாகக் குத்திக்கொள்ளாதீர்கள். நேர்மையான வண்டிகூட அந்த ஒரு செயலால் சந்தேக வண்டியாகிவிடும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பித்து, அவர்கள் சொல்லும் வழியில் செய்யுங்கள்.

சி.சி. மாறினாலும் குற்றமே

ஆர்.எக்ஸ். 100 எஞ்சினின் போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 50 மி.மீ.; கொள்ளளவு 98 சி.சி. அதே குடும்பத்து ஆர்.எக்ஸ். 135-இன் போர் 58 மி.மீ.; கொள்ளளவு 132 சி.சி. இரண்டும் வெளித்தோற்றத்தில் நெருக்கமானவை என்பதால், 100-க்குள் 135-இன் வேலையைச் செய்து ‘ஒரிஜினல் 100’ என்று விற்பவர்கள் உண்டு. ஹெட்டைக் கழற்றிப் போரை அளந்தால் உண்மை தெரிந்துவிடும். தேய்ந்த போரை அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது சாதாரணப் பழுதுவேலை. அதில் அளவு கொஞ்சம்தான் கூடும். 8 மி.மீ. கூடியிருந்தால் அது வேறு எஞ்சின் வேலை.

தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் 182ஏ(4) பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். பழுதான எஞ்சினுக்குப் பதில் வேறு எஞ்சின் வைக்க வேண்டியிருந்தால், முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். மாற்றிய 14 நாட்களுக்குள் அலுவலகத்தில் தெரிவித்துப் புது எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிவிடுங்கள். அந்த எஞ்சினை வாங்கிய பில் கையில் இருக்க வேண்டும்.

சைலன்சரைக் குடைந்து சத்தம் கூட்டுவதும் சீரமைப்பில் சேராது. ஒலி, புகை விதிகளை மீறினால் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்; கூடவே 3 மாத லைசென்ஸ் தகுதியிழப்பும் உண்டு.

ஆர்.சி. யார் பெயரில்?

கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவம் 29, 30 இரண்டையும் வைத்துக்கொண்டு வண்டி நாலைந்து கை மாறுவது நம் பக்கம் சாதாரணமாகிவிட்டது. இது விற்பவருக்கும் ஆபத்து, வாங்குபவருக்கும் ஆபத்து. நவீன் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர்; விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு. பத்து வருடம் முன் விற்ற வண்டிக்காக இன்று நீதிமன்றப் படியேற வேண்டிய நிலை உங்களுக்கு வரலாம். விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

அப்பாவின் பெயரில் இருந்து, அவர் காலமாகி, வீட்டுத் திண்ணையோரம் நிற்கும் வண்டிகள் பல. அவற்றை விற்பதற்கு முன் வாரிசுதாரர் தன் பெயருக்கு மாற்றியாக வேண்டும். இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தரும் வாரிசு சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றோடு படிவம் 31-ஐக் கொடுக்க வேண்டும். ஒரு மகன் தனியாக விற்றால், மற்றவர்கள் நாளை கேள்வி கேட்கலாம்.

ஆர்.சி. தொலைந்திருந்தால், தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை பெற்று, படிவம் 26-இல் நகல் கேட்கலாம். பழைய வண்டிகளின் பதிவு கணினியில் ஏறாமலும் இருக்கும். விழுப்புரத்துக்கு டி.என். 32, திண்டிவனத்துக்கு டி.என். 16. இந்த வரிசைக்கு முந்தைய மூன்றெழுத்துப் பதிவு என்றால், முதலில் பதிந்த அலுவலகத்தின் ஏட்டைத் தேட வேண்டும். இப்பகுதி 1993 செப்டம்பர் 30 வரை தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்ததை நினைவில் வையுங்கள். அந்த அலைச்சலை விற்பவரே முடித்துத் தரட்டும். அதுவரை முழுப்பணம் கொடுக்காதீர்கள்.

புதுச்சேரி பக்கத்தில் இருப்பதால் பி.ஒய். எண் கொண்ட ஆர்.எக்ஸ். வண்டிகளும் இங்கே விலைக்கு வரும். வேறு மாநில, யூனியன் பிரதேசப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும் என்கிறது 47-ஆம் பிரிவு. அதற்கு அங்கிருந்து படிவம் 28-இல் தடையின்மைச் சான்று வேண்டும். இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். விலை பேசும்போதே இந்தச் செலவையும் கணக்கில் எடுங்கள்.

காவல்துறை ஏலத்தில் எடுத்த வண்டி என்றால், படிவம் 32-இல் பெயர் மாற்றலாம். ஆனால் பதிவுக்கு உரிய வண்டியாக ஏலம் விட்டார்களா, பழைய இரும்பாக விட்டார்களா என்று ஏல ஆவணத்தைப் படித்துப் பாருங்கள்.

‘விண்டேஜ்’ என்று சொன்னால் நம்பாதீர்கள்

‘இது விண்டேஜ் வண்டி, எஃப்.சி. தேவையில்லை’ என்று புரோக்கர் சொன்னால் அது பொய். 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவில் பராமரிக்கப்படும் வண்டிதான் விண்டேஜ். முதல் ஆர்.எக்ஸ். 100-கூட 2035-க்கு முன் அந்தத் தகுதியை எட்டாது.

ஆகவே சாதாரண விதிதான் இதற்குப் பொருந்தும். முதல் பதிவு 15 ஆண்டு. பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 1990-இல் பதிந்த வண்டி 2005, 2010, 2015, 2020, 2025 என ஐந்து முறை புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். 20 ஆண்டு கடந்த இருசக்கர வண்டிக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி, தாமதக் கட்டணம், இன்சூரன்ஸ், புகைச் சான்று இவையும் சேரும். விடுபட்ட ஆண்டுகளின் பாக்கியை யார் கட்டுவது என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.

பட்டறையில் உங்கள் உரிமை

பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்யும் பட்டறை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவை தருகிறது, நீங்கள் நுகர்வோர். என்ன வேலை, எந்தப் பாகம், எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் நேரே ‘பழைய ஒரிஜினல்’, ‘கம்பெனி புதுசு’, ‘வெளித் தயாரிப்பு’ என்று குறிக்கச் சொல்லுங்கள். வெளித் தயாரிப்பைப் பூட்டுவது தவறில்லை. ஒரிஜினல் என்று சொல்லி அதைப் பூட்டுவதுதான் மோசடி.

கழற்றிய பழைய பாகங்கள் உங்கள் சொத்து. கார்புரேட்டர், மீட்டர், மேக்னட் போன்றவற்றைக் கழற்றும் முன் படம் எடுத்து வைத்து, வேலை முடிந்ததும் கேட்டு வாங்குங்கள். நல்ல ஒரிஜினல் பாகம் அங்கேயே தங்கிவிட்டு, உங்கள் வண்டிக்கு டூப்ளிகேட் வருவது இந்த ஒரு பழக்கத்தால் தடைபடும். சென்னை புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ வாங்கி வந்த பாகம் என்றாலும் பில் கேளுங்கள். போலி வணிகக் குறியிட்ட பாகத்தை விற்பது, வணிகக் குறிகள் சட்டம் 1999-இன்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

பழைய வண்டி வியாபாரியிடம் வாங்கினால், போக்குவரத்து அலுவலகம் கொடுத்த அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயம்.

ஏமாந்துவிட்டால் எங்கே போவது?

வியாபாரியோ பட்டறையோ ஏமாற்றினால், முதலில் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுங்கள். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

தெரிந்தவர், அக்கம்பக்கத்தவர் போன்ற தனிநபரிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையம் உதவாது. பொய் சொல்லி விற்றிருந்தால் காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுக்கலாம்; பணத்தைத் திரும்பப் பெற உரிமையியல் நீதிமன்றம் போகலாம். இணைய விளம்பரத்தை நம்பி முன்பணம் அனுப்பி ஏமாந்தால், உடனே 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண் 15100.

வாங்கிய வண்டி திருட்டு என்று பிறகு தெரியவந்தால், அதை மறைக்கவோ இன்னொருவர் தலையில் கட்டவோ முயலாதீர்கள். பில், பணம் அனுப்பிய சான்று, விற்றவர் விவரம் எல்லாவற்றோடும் நீங்களே காவல் நிலையம் போங்கள். அப்பாவியாக வாங்கியவர் என்பதை நிரூபிக்க அதுவே வழி.

பணம் கொடுக்கும் முன்

எம்பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டு, உரிமையாளர் பெயரையும் கடன் குறிப்பையும் பாருங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ சேவையில் சேசிஸ், எஞ்சின் எண்களைக் கொடுத்து, திருட்டுப் பட்டியலில் உள்ளதா என்று சோதியுங்கள். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரை நேரில் சந்தியுங்கள். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். பெயர் மாற்றம் முடியும்வரை ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள். இவற்றில் ஒன்றுக்காவது விற்பவர் மறுத்தால், வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். எண்ணும் பேப்பரும் சுத்தமான இன்னொரு ஆர்.எக்ஸ். கிடைக்கும்வரை காத்திருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.